மஞ்சள் தாங்கியும் பச்சைத் தாங்கியும்

போன கிழமை எங்கள் வீட்டு இணையப் பெட்டியின் அடப்டர் சூடேறி ஒரு மணம் வந்தது. எரிகிற மணம் இல்லை. எரிவோமா, வேண்டாமா என்று பிளாஸ்டிக் யோசித்துக்கொண்டிருக்கும்போது வருகிற மணம். கணவர் பக்கத்து அறையிலிருந்து "கழட்டிவிடும், கழட்டிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கழற்றவில்லை. கிட்டப் போய்க் குனிந்து நின்று மணந்துகொண்டிருந்தேன். பேரப்பிள்ளை காணும் வயதை எட்டிப் பார்க்கிற ஒரு பெண் சுவரோடு முகத்தை வைத்து அடப்டரை மணப்பது பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அவர் வந்தார், பார்த்தார், தானே கழற்றிவிட்டுப் போனார். கலியாணம் கட்டி இத்தனை வருடமான பிறகு சில கேள்விகளை ஆண்கள் கேட்பதில்லை.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அது பாலையூற்று வீட்டின் மணம். திருகோணமலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கியிருந்த வீடு. பின்னேரம் ஐந்தரை மணிக்கு அந்த வீட்டு விறாந்தையில் மூன்று மணங்கள் இருக்கும். நிலத்துக்குப் பூசிய சிவப்புப் பொலிஷ், குசினியில் பொரிகிற கருவாடு, பிறகு இந்த அடப்டர். இதில் எது இல்லாவிட்டாலும் அது அந்த வீடு இல்லை.

நான் வெருகல் பக்கத்துப் பிள்ளை. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து வந்திருந்தேன். கப்பல் என்றதும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். கோதுமை கொண்டுவரும் கப்பலுக்கும் சீமெந்து கொண்டுவரும் கப்பலுக்கும் தட்டச்சில் பத்திரம் அடிப்பதுதான் என் வேலை. நான் கப்பலை ஜன்னலால் பார்ப்பேன். கப்பல் என்னைப் பார்த்ததே இல்லை.

தங்குவதற்கு இடம் பார்த்துத் தந்தது வதனி. குச்சவெளிக்காரி, நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். அவள் ஏற்கனவே அந்த வீட்டில் ஓர் அறையில் இருந்தாள், இன்னொரு கட்டிலுக்கு இடம் இருந்தது. வீட்டுக்காரர் எலிசபெத் அன்ரியும் சேவியர் அங்கிளும். அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி இளைப்பாறியவர். அன்ரி கோயில் பாடற்குழுவில் பாடுகிறவர், குரல் நல்லது, கதைக்கும்போதும் கொஞ்சம் பாட்டுப் போலத்தான் இருக்கும்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அன்ரி என்னைப் பார்த்து, "பிள்ளை, பிட்டு ஆறுது எண்டு சொல்லு" என்றார்.

யாருக்குச் சொல்ல என்று நான் சுற்றிப் பார்த்தேன். மேசையில் இருந்தது நான், வதனி, அன்ரி, பிறகு அன்ரி கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் அங்கிள். வதனி என் காலை மெதுவாகத் தட்டினாள். நான் அங்கிளைப் பார்த்து, "அங்கிள், பிட்டு ஆறுதாம்" என்றேன்.

"தெரியும். சொதிக்குப் புளி காணாது எண்டு சொல்லும்" என்றார் அங்கிள், என்னிடம்.

இரண்டு பேருக்கும் காது கேட்காது போலிருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். பாவம், இந்த வயதிலேயே இரண்டு பேருக்குமா என்று மனம் இளகி, அடுத்த நாள் முழுக்க அந்த வீட்டில் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். காலையில் குளியலறை வாசலில் நின்று "குட் மோர்னிங் அங்கிள்" என்று நான் கத்தியதில் அவர் கையிலிருந்த சவர்க்காரப் பெட்டி கீழே விழுந்தது. பிறகுதான் வதனி அறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவர்களுக்கு ஒரே மகள், ரெஜினா. படிக்கப் போன இடத்தில் ஒரு பெடியனை விரும்பினாள். பெடியனும் கிறிஸ்தவன்தான், தமிழன்தான், உத்தியோகமும் இருந்தது. ஆனால் வேறு சபை. வெளியில் நின்று பார்க்கிற நமக்கு அது ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் போலத் தெரியும். அங்கிளுக்கு அப்படித் தெரியவில்லை. கலியாணத்துக்குப் போகமாட்டேன் என்றார். வீட்டிலிருந்து ஒருவரும் போகக்கூடாது என்றார். அன்ரி சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தனியே பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய்க் கலியாணத்தைப் பார்த்துவிட்டு, கேக் துண்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்றோடு இரண்டு பேருக்குமிடையே நின்ற பேச்சு அது. நான் போனபோது ரெஜினாவுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஜினா தொலைபேசி எடுப்பாள். அன்ரி பேரப்பிள்ளையின் பல்லைப் பற்றி விசாரிப்பார். அங்கிள் எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். ஆனால் கூட்டுவது கொஞ்சம்தான், தொலைபேசியில் சொல்வது அவருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் என்பது வதனியின் கண்டுபிடிப்பு.

ஆக அந்த வீட்டில் எனக்கு இரண்டு உத்தியோகம். பகலில் எழுதுவினைஞர், பின்னேரத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழிலிருந்து தமிழுக்கு.

சரி, அடப்டருக்கு வருகிறேன்.

வதனியின் அக்கா மகன் குச்சவெளியில் இருந்தான். அவனுடைய பிறந்தநாளுக்கு என்று, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் அவள் ஒரு ரீவி கேம் வாங்கி வந்தாள். சூடேறி மணக்கிற அந்த அடப்டரோடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் இரண்டு வயர், வயர் நுனியில் கையில் பிடித்து அமத்துகிற பொத்தான் கட்டைகள். அதற்குச் சரியான பெயர் என்னவோ, நாங்கள் ரிமோட் என்றோம். பெட்டியின் மேலே மஞ்சள் நிறக் கசெட்டை அடித்து இறக்க வேண்டும். கசெட்டின் மேல் விளங்காத எழுத்தில் ஏதோ எழுதி, உள்ளே ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாக இலக்கம் போட்டிருந்தது. உண்மையில் அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகள்தான். அவையே வேறு வேறு இலக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். நடைபாதைக்காரனை அதற்காகக் குறை சொல்ல முடியாது. அவனும் அந்த எழுத்தை வாசித்திருக்க மாட்டான்.

அந்தக் கிழமை வடக்கால் குச்சவெளிக்குப் போகிற கரையோர வீதியில் ஏதோ இராணுவச் சோதனை, பஸ் ஓடவில்லை. பெட்டி எங்கள் அறை அலுமாரியின் மேல் இருந்தது. "வேலை செய்யுதோ எண்டு ஒருக்கால் பாப்பம். பிள்ளைக்குப் பழுதானதைக் குடுக்க ஏலாதுதானே" என்றாள் வதனி. நியாயமான கதை. அந்தப் பரிசோதனை எத்தனையோ மாதம் நடந்தது. அக்கா மகனுக்கு அவள் கடைசியில் ஒரு பந்து வாங்கிக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

ரீவி விறாந்தையில் இருந்தது. அதைத் தொட இரண்டு பேரிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அன்ரி, "அவர் என்ன சொன்னவர் எண்டு கேட்டுச் சொல்லு" என்றார். அங்கிள், "வீட்டுக்காரி ஓமெண்டால் எனக்கென்ன" என்றார். இப்படி இரண்டு தரப்பும் மற்றத் தரப்பின் மேல் பொறுப்பைப் போட்டதில் அனுமதி கிடைத்தது. பெரிய பேச்சுவார்த்தைகளும் இப்படித்தான் நடக்கின்றனவோ, தெரியாது.

விளையாட்டுகளின் பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். மேலிருந்து கல் விழ விழ அடுக்குவது செங்கல். தொப்பி போட்ட ஒருவன் குழிகளைத் தாண்டித் தாண்டி ஓடுவது தொப்பிக்காரன். மோட்டார் சைக்கிள் ஓடுவது மோட்டச்சைக்கிள், அதில் எங்களுக்குக் கற்பனை போதவில்லை. பிறகு எங்கள் எல்லாருடைய பின்னேரங்களையும் விழுங்கிய விளையாட்டு, கோழி.

கோழி பற்றிச் சொல்ல வேண்டும். மேலேயிருந்து பார்ப்பதுபோல ஒரு களம். செங்கல் சுவர்கள், தண்ணீர், பற்றை. கீழே நடுவில் சுவர் கட்டி அதற்குள் ஒரு பறவை இருக்கும். அது கழுகு என்று இப்போது தெரிகிறது. அந்தப் பழைய ரீவியில் பார்த்தால் சத்தியமாகக் கோழிதான். மேலிருந்து எதிரியின் யுத்தத் தாங்கிகள் வரும். நம்முடைய தாங்கி மஞ்சள், இரண்டாவது ஆள் சேர்ந்தால் அவருடையது பச்சை. எதிரி கோழியைச் சுட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. முதல் நாள் இதைப் பார்த்த அன்ரி, "றோட்டிலை பாத்தது காணாதெண்டு வீட்டுக்குள்ளையும் தாங்கி ஓட்டப்போறியளே" என்று கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். நின்றவர் கொஞ்சத்தில் கதிரையின் நுனியில் இருந்தார். "அந்தக் கோழிக்கு இடப்பக்கம் சுவர் உடைஞ்சு போச்சு, பிள்ளை. அதைப் பார்" என்றார். அடுத்த நாள் ரிமோட் அவர் கையில் இருந்தது.

அன்ரி விளையாடுவதைப் பார்க்க வேண்டும். தொடங்கு முன் சிலுவை போடுவார். இடப்பக்கம் போக வேண்டும் என்றால் பொத்தானை அமத்துவதோடு விடமாட்டார், ரிமோட்டையும் தூக்கி, தோளையும் சாய்த்து, கதிரையையும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துவார். தொப்பிக்காரன் குழி தாண்டும்போது அன்ரியும் கதிரையிலிருந்து எழும்புவார். ஒரு விளையாட்டு முடியும்போது அவர் கதிரை விறாந்தையின் மறு மூலைக்குப் போயிருக்கும். ஆனாலும் எங்கள் மூன்று பேரிலும் அவர்தான் கெட்டிக்காரி. நான் கடைசி. கோழிக்குக் காவல் நின்றால் நான் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பேன். தாங்கியின் துவக்குக் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்குத் தாமதமாகத்தான் விளங்கும். செங்கலில் கொஞ்சம் பரவாயில்லை. அதிலும் ஒரு வினை வந்தது. அலுவலக ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்தால் அடுக்கியிருக்கும் கொள்கலன்களுக்கிடையே இருந்த இடைவெளி என் மனதைக் குடையத் தொடங்கியது. அந்த நீட்டுப் பெட்டியை நிமிர்த்தி இதற்குள் இறக்கினால் என்ன என்று யோசித்துக்கொண்டு தட்டச்சில் கை வைத்தபடி இருந்து மேலாளரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

அங்கிள் இத்தனை நாளும் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் மட்டும் பக்கம் திரும்புவதில்லை.

ஒருநாள் வதனி கேட்டாள். "அங்கிள், நீங்கள் கிரேன் ஓட்டின ஆள். செங்கல் ஒருக்கால் அடுக்கிப் பாருங்கோவன்."

அங்கிள் பேப்பரை மடித்தார். முகத்தில் ஒரு சின்னக் கர்வம். "உதென்ன பெரிய வேலையே" என்றார். இரண்டு கையாலும் ரிமோட்டை வாங்கி, பொத்தான்களைத் தடவிப் பார்த்து, "இது ஏத்திறது, இது இறக்கிறது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கல் விழத் தொடங்கியது. முதல் வரியை அவர் நிதானமாக, இடைவெளி விடாமல் அடுக்கி முடித்தார். வரி நிறைந்ததும், அந்த விளையாட்டின் வழக்கப்படி, மினுங்கி மறைந்துபோனது.

அங்கிள் ரிமோட்டைக் கீழே இறக்கினார். "எங்கை போனது?"

"வரி நிரம்பினால் அழிஞ்சு போகும் அங்கிள். அதுதான் வெற்றி."

"நான் ஒழுங்கா அடுக்கினனான்."

"ஓம். ஒழுங்கா அடுக்கினால்தான் அழியும்."

அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒழுங்கா அடுக்கினதை அழிக்கிறது ஒரு வேலையே, பிள்ளையள்? கப்பல்லை நான் அடுக்கினது அப்பிடியே மற்றத் துறைமுகம் வரைக்கும் போகும்" என்றார். அதற்குள் கற்கள் தங்கள் பாட்டுக்கு விழுந்து கூரை வரை ஏறிவிட்டன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குப் போனார். உள்ளே சட்டி ஒன்று தேவையில்லாமல் உருண்ட சத்தம் கேட்டது.

செங்கல் பக்கம் அங்கிள் பிறகு போகவில்லை. ஆனால் ரிமோட்டின் ருசி பட்டுவிட்டது. கோழிக்கு வந்தார். வதனிக்குக் கடையில் பின்னேர முறை வந்த ஒரு கிழமை, நானும் அன்ரியும் மட்டும் விளையாட, நான் வழக்கம்போல முதலிலேயே செத்துப்போனேன். "இந்தப் பிள்ளையோடை கோழியைக் காப்பாத்த ஏலாது" என்று அன்ரி பொதுவாகச் சுவருக்குச் சொன்னார். அங்கிள் என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருக்கு மஞ்சள், அன்ரிக்குப் பச்சை. நான் இடையில் பாயில் இருந்தேன், என் உத்தியோகத்தோடு.

"பிள்ளை, மஞ்சளை என்ரை வழியிலை நிக்க வேண்டாமெண்டு சொல்லு."

"அங்கிள், வழியிலை நிக்க வேண்டாமாம்."

"நான் நிண்ட இடத்துக்குத்தான் அவ வந்தவ எண்டு சொல்லும்."

"அன்ரி, நீங்கள்தான்…"

"கேட்டது, கேட்டது."

அந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. கூட விளையாடுகிறவரின் தாங்கியை நீங்கள் தவறிச் சுட்டுவிட்டால் அது சாகாது. கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நின்ற இடத்திலேயே மினுங்கிக்கொண்டிருக்கும். அங்கிள் அன்ரியின் தாங்கியை அடிக்கடி சுட்டார். தவறித்தான் சுட்டார் என்று அவர் சொன்னதை நான் நேர்மையாக மொழிபெயர்த்தேன். கண்ணில்லாமலா கிரேன் ஓட்டினவர் என்று அன்ரி கேட்டதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு தர்மம் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், களம் ஏற ஏற எதிரியின் வேகம் கூடியது, என் வேகம் கூடவில்லை. நான் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது பழைய செய்தி ஆகிவிடும். ஒரு பின்னேரம், இதுவரை போகாத ஒரு களத்துக்கு இரண்டு பேரும் போய்விட்டார்கள். அன்ரிக்கு வியர்த்திருந்தது. அங்கிள் மேலே இரண்டு தாங்கிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் பற்றைக்குள்ளால் ஒளிந்து கீழே இறங்கி, அவருக்குப் பின்னால் வந்துவிட்டது. அன்ரி என்னிடம் சொல்ல வாய் திறந்தார். நேரம் காணாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, பின்னாலை."

"ஓம், ஓம், கண்டிட்டன். நீ கோழியிட்டைப் போ" என்றார் அங்கிள்.

அவர் திரும்பிச் சுட்டார். அன்ரி கோழியிடம் போனார். களம் வென்றாயிற்று. ரீவியில் ஒரு சின்ன வாத்தியம் வாசித்தது. இரண்டு பேரும் ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். அடுத்த களம் தொடங்கியதும் அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இடப்பக்கம் நீ, வலப்பக்கம் நான்" என்றார். என்னிடம் இல்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் அந்த இரண்டு பேரையும் அறியாதவர். பெட்டியை நிறுத்தியதும் பழையபடிதான். "பிள்ளை, தேத்தண்ணிக்குச் சீனி போட்டதோ எண்டு கேள்." தாங்கி ஓடும் நேரத்தில் மட்டும் பேச்சு, மற்ற நேரம் நான். என்னைப் பகுதிநேர ஊழியராக்கிவிட்டார்கள் என்று வதனி சிரித்தாள். பிறகு ஒருநாள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. ரீவி இருண்டது. பொழுது படவில்லை, விறாந்தையில் வெளிச்சம் இருந்தது. ரிமோட்டுகளைக் கையில் பிடித்தபடியே இரண்டு பேரும் தோற்றதற்கு யார் காரணம் என்று வாக்குவாதப்பட்டார்கள். அந்த வாக்குவாதம் கோழியிலிருந்து அன்ரியின் தம்பிக்குப் போனது, தம்பியிலிருந்து கூரை ஓட்டுக்குப் போனது, ஓட்டிலிருந்து எப்போதோ காணாமல்போன ஒரு குடைக்குப் போனது. மின்சாரம் வந்து ரீவி வெள்ளையாக இரைந்துகொண்டிருந்தபோதும் அவர்கள் குடையில்தான் நின்றார்கள். அன்றோடு என் இரண்டாவது உத்தியோகம் போனது. நான் வருத்தப்படவில்லை.

ஆனால் ரெஜினாவின் பெயர் மட்டும் வரவில்லை. எல்லாப் பழைய கதையும் வந்தது, அது வரவில்லை. தொலைபேசி அடித்தால் வானொலிக்குப் போவதும் நிற்கவில்லை. அன்ரி அதைப் பற்றி எங்களிடமும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு ஞாயிறு, தொலைபேசியை வைத்துவிட்டு வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், "அவ நடக்கத் தொடங்கிட்டாளாம்" என்றார். குழந்தையைத்தான் சொன்னார். பிறகு திருவலையை நிறுத்தாமல், அதே தேங்காயைச் சிரட்டை தெரியத் தெரியத் துருவிக்கொண்டே இருந்தார். கறிக்குள் சிரட்டைத் தூள் வந்தது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. நானும் வதனியும் வீட்டில் நின்றோம். அங்கிளும் அன்ரியும் கோழி விளையாடிக்கொண்டிருந்தார்கள், நல்ல உயரமான களம். படலை திறக்கிற சத்தம் கேட்டது. அன்ரி எழுந்தார். "அடுப்பிலை பால் வச்சனான்" என்று சொல்லி, கையிலிருந்த ரிமோட்டைக் கதிரையில் வைக்காமல் கீழே பாயில் வைத்துவிட்டு, குசினிப் பக்கம் போனார். எங்களையும் கண்ணால் கூப்பிட்டார். குசினிக்குள் போய்ப் பார்த்தால் அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை. மூன்று பேரும் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விறாந்தை வாசலில் ரெஜினா நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. பின்னால் கையில் பழப் பையோடு ஒல்லியான ஒருவர். மருமகன். ரெஜினா "அப்பா" என்றாள்.

அங்கிளுக்குக் கேட்டது. கழுத்து அப்படியே நின்றது. வேறு நேரம் என்றால் எழுந்து பின்பக்கத்தால் வெளியே போயிருப்பார். ஆனால் ரீவியில் எதிரிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தாங்கி ஆளில்லாமல் நின்றது. கோழிக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை. அங்கிள் முகத்தைத் திருப்பாமல் சுட்டுக்கொண்டே இருந்தார். ரெஜினா அழத் தயாரானாள். மருமகன் ஒரு கணம் அங்குமிங்கும் பார்த்தார். பழப் பையைச் சுவரோரம் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் இருந்து, அன்ரியின் ரிமோட்டை எடுத்தார்.

என் வாழ்க்கையில் என்னிலும் மோசமாக அந்த விளையாட்டை விளையாடிய ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன். பச்சைத் தாங்கி முதலில் தண்ணீரில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அங்கிளைச் சுட்டது. மஞ்சள் மினுங்கத் தொடங்கியது. பதறிப்போய்ப் பின்வாங்கி, கீழே வந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அமத்தியதில், நேரே கோழியைச் சுட்டுவிட்டது.

ரீவியில் எல்லாம் முடிந்ததாக எழுத்து வந்தது. வதனி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தழும்பு நாலைந்து நாள் இருந்தது.

அங்கிள் மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார்.

"தம்பி, அது எங்கடை கோழி."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமா."

எதற்கு மன்னிப்பு என்று இரண்டு பேரும் விளக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் அந்த விறாந்தையில் எந்தக் கவலையும் இருக்கவில்லை. இடுப்பிலிருந்து நழுவி இறங்கித் தத்தித் தத்தி நடந்துபோய்ப் பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தது. அங்கிள் குனிந்து, ஒரு கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வயரை அதன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்கு நிறைய நேரம் எடுத்தார். பிறகு மருமகனிடம், "திரும்பப் போடும். இந்தமுறை நீர் மேலை போம். கோழியிட்டை வரவேண்டாம்" என்றார்.

ரெஜினா குசினிக்கு ஓடி வந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்ரி அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவளுடைய தோளுக்கு மேலால் விறாந்தையை எட்டிப் பார்த்தார். "மற்ற நேரமெண்டால் எழும்பிப் போயிருப்பார், பிள்ளை. கோழியை விட்டிட்டுப் போகமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் இந்த நேரத்துக்கு வரச் சொன்னனான்" என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். பிறகு, "ஆனா அந்தப் பெடியன் கோழியைச் சுடுவான் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அழுகைதான் வருகிறது என்று நான் தோளைத் தொட்டேன். சிரிப்பு.

அன்றைக்கு அவர்கள் தங்கிப் போனார்கள். சபையைப் பற்றியோ கலியாணத்தைப் பற்றியோ அங்கிள் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, பிறகும் கதைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு அங்கிளும் அன்ரியும் மட்டக்களப்புக்குப் போனார்கள். போகும்போது அங்கிள் பயணப்பையில் துவாய்க்குள் சுற்றிப் பெட்டியையும் வைத்ததை வதனி கண்டாள். அது தன்னுடைய பெட்டி என்று சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தாளாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாழ்க்கை தன் பாட்டுக்கு எல்லாரையும் தூக்கித் தூக்கி வேறு வேறு இடத்தில் வைத்தது. எனக்குக் கலியாணம், இடமாற்றம். வதனி இப்போது வெளிநாட்டில். அங்கிள் காலமாகிச் சில வருடங்கள். அன்ரி வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். போன வருடம் ஓர் அலுவலாகத் திருகோணமலைக்குப் போனபோது பாலையூற்றுப் பக்கம் ஓட்டோவை விடச் சொன்னேன். வீடு இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர் தங்கும் மாடிக் கட்டடம் நிற்கிறது. விறாந்தை இல்லை, சிவப்பு நிலம் இல்லை, படலை இல்லை. நான் வேலை செய்த அலுவலகத்தின் ஜன்னலைக் குளிரூட்டிக்காக அடைத்துவிட்டார்கள். அந்தக் கசெட்டுகளை இப்போதைய மெல்லிய ரீவிகளில் கொளுவ முடியாது என்று தெருவோரக் கடைக்காரப் பெடியன் சொன்னான். அவன் அதைக் கண்டதே இல்லை, கேள்விப்பட்டிருக்கிறான்.

அன்றைக்கு இரவே அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் அதைப் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. பேத்தியைப் பற்றித்தான் சொன்னார். அன்றைக்கு வயரைப் பிடித்து இழுத்த குழந்தைதான். இப்போது பெரிய பெண், படிக்கிறாள், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு அறைக்குள் இருந்து விளையாடுகிறாளாம்.

"ஆரோடை விளையாடுறாள் அன்ரி?"

"ஆருக்குத் தெரியும். எந்த நாடோ, ஆரோ. அவளுக்கே தெரியாதாம். ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறேல்லையாம். கோவம் வந்தா நிப்பாட்டிப்போட்டு வேறை ஆளைப் பிடிக்கலாமாம்."

"வசதிதானே அன்ரி."

அந்தப் பக்கம் பேத்தியின் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"வசதிதான், பிள்ளை" என்றார். "நான் அவரோடை கதைக்காமல் இருந்த காலத்திலையும் ஆள் பக்கத்துக் கதிரையிலை இருந்தவர்."